புரத வீதத்தைத் திருத்துங்கள்: கொழும்பின் மா ஆலைகளுக்கும் பேக்கரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மா ஆலை நிர்வாகிகளுக்கும் பேக்கரி உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். நம் நாட்டில் கோதுமை வணிக அளவில் விளைவதில்லை. அதனால் அதன் காபன் அடிச்சுவடு நம்முடைய பொறுப்பல்ல என்று நினைப்பது பிழை. கொள்வனவு ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதும் புரத வீதம், எங்கோ ஒரு வயலில் எவ்வளவு யூரியா விழும் என்பதில் பெரும் பங்கு வகிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கோதுமைப் புரதம் 5.7 கிலோவில் ஒரு கிலோ நைதரசன் இருக்கிறது. ஹெக்டேயருக்கு 5 தொன் விளையும் வயலில் புரதம் ஒரு வீதம் கூடுவதற்கு, மணிகளில் 8.8 கிலோ நைதரசன் மேலதிகமாகச் சேரவேண்டும். இட்ட பசளையில் பாதிதான் மணிக்குப் போய்ச் சேரும் என்று கொண்டால் 17.5 கிலோ நைதரசன் தேவை. அது 38 கிலோ யூரியா. இட்ட நைதரசனில் நூற்றிலொரு பங்கு நைதரசு ஒட்சைட்டாகப் போகும் என்பது பொதுவாகக் கையாளும் மதிப்பீடு. நூறு ஆண்டுக் கணக்கில் அந்த வாயு காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு வெப்பமூட்டும். ஆகவே 75 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். யூரியா மண்ணில் சிதையும்போது இன்னும் 28 கிலோ. பசளைத் தொழிற்சாலை எரிக்கும் இயற்கை வாயுவை இதில் நாங்கள் சேர்க்கவேயில்லை.

பசளையை ஒரேயடியாக நிறுத்தும்படி கேட்கவில்லை. 2021இல் அப்படிச் செய்து நெல் விளைச்சல் விழுந்ததை யாரும் மறக்கவில்லை. தேவைக்கு மிஞ்சியதைத்தான் குறைக்கச் சொல்கிறோம்.

பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் 8 முதல் 10 வீதப் புரதம் போதும். அச்சுப் பாணுக்கு 11 வீத மாவில் ஒரு சோதனை செய்துபாருங்கள். 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீரை ஒரு லீற்றர் குறையுங்கள். பிசையும் நேரத்தையும் குறைத்து, மா மெல்லிய சவ்வாக இழுபடத் தொடங்கியதும் நிறுத்துங்கள். புரதம் கூடிய வலுவான மாவுக்குப் பிசைவதுபோல் தொடர்ந்தால் அது பிசுபிசுத்துவிடும். அச்சில் பொங்கிய பாண் போறணைக்குள் அமர்ந்துபோகும். முழுதாகப் பொங்கும்வரை காத்திராமல் சற்று முன்னரே உள்ளே தள்ளுங்கள்.

ஆலைகள் வழங்குநரிடம் கேட்கவேண்டியது, ஒரு தொன் கோதுமைக்கு எத்தனை கிலோ நைதரசன் இட்டார்கள் என்ற பதிவு. விதைக்குமுன் மண்ணைப் பரிசோதித்து, அதில் ஏற்கெனவே உள்ள நைத்திரேற்றை (பயிர் உறிஞ்சும் நைதரசன் வடிவம்) இடும் அளவிலிருந்து கழித்தார்களா? விதைப்பில் சிறு பங்கும், மட்டம் வெடிக்கும்போதும் தண்டு நீளத் தொடங்கும்போதும் மீதியுமாகப் பிரித்து இட்டார்களா? எல்லாவற்றையும் முதலிலேயே கொட்டினால், வேர் பரவுமுன் மழைநீர் தேங்கி, காற்றில்லா மண்ணில் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை வாயுவாக்கிவிடும். மண்ணின் மேலே தூவிய யூரியாவை ஓரிரு நாளுக்குள் 12 மில்லிமீற்றர் அளவு மழையோ பாசனமோ கீழே இறக்கவேண்டும். இல்லாவிட்டால் அமோனியாவாகப் பறக்கும். அந்த ஈரம் நிச்சயமில்லாத இடத்தில், அப்படிப் பறப்பதைத் தாமதப்படுத்தும் யூரியேசுத் தடுப்பான் பூசிய யூரியாதான் பொருத்தம். முன்போகத்தில் கடலையோ பருப்போ விளைந்த வயலுக்கு நைதரசன் குறைவாகவே தேவைப்படும்; அத்தகைய கோதுமைக்கு முன்னுரிமை கொடுங்கள்.

அடுத்த கேள்விப்பத்திரத்தில் பாணுக்கும் பிஸ்கட்டுக்கும் புரத வீதத்தைத் தனித்தனியாக எழுதுங்கள். நைதரசன் பதிவுக்கும் ஒரு நிரல் விடுங்கள்.