உருக்குவதற்கு முன் ஒருவரைப் பார்க்க விடுங்கள்

அமெரிக்க நகரங்களில் துப்பாக்கி ஒப்படைப்பு முகாம் நடத்தும் காவல்துறைத் தலைவர்களுக்கும் நகர மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பழைய செமி-ஆட்டோமேட்டிக் .22 ரைபிள்களைச் சேகரிப்பவன் நான்: குழலின் விட்டம் ஏறக்குறைய 0.22 அங்குலம், விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. சேகரிப்பாளருக்கென்று கூட்டாட்சி அரசு தரும் உரிமத்தோடு, அவற்றைப் பூட்டிய இரும்புப் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். உங்கள் முகாம்களை நிறுத்துங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. கணவர் இறந்தபின் பரணில் கிடக்கும் துப்பாக்கியை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் மூதாட்டிக்கு, குடைந்து குடைந்து கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் ஓர் இடம் கட்டாயம் வேண்டும். .22 தானே, அது என்ன செய்துவிடும் என்று பேசுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1968 ஜூனில் செனட்டர் ராபர்ட் கென்னடியின் உயிரைப் பறித்தது ஒரு .22 ரிவால்வர்.

நான் கேட்பது ஒன்றுதான். வாங்கிய துப்பாக்கிகளை நசுக்கவோ உருக்கவோ அனுப்புமுன், பழைய ஆயுதங்களை அறிந்த அருங்காட்சியகக் காப்பாளர் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேசைமேல் குவிந்து கிடக்கும்போது எல்லா .22வும் ஒன்றுபோலவே தெரியும். அந்தக் குவியலில் ஒரு வின்செஸ்டர் 1903 கிடந்தால் எத்தனை பேர் கண்டுகொள்வார்கள்? முன்கட்டையின் நுனியில், குழலுக்கு அடியில், சிறிய உலோகத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை உள்ளே அழுத்தி விட்டால்தான் முதல் தோட்டா ஏறும். தோட்டாக்கள் பின்கட்டைக்குள் ஓடும் ஒரு குழாயில் இருக்கும். டி. சி. ஜான்சன் வடிவமைத்து, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் செய்யப்பட்ட இந்த ரைபிள்தான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ரிம்ஃபயர் செமி-ஆட்டோமேட்டிக். ரிம்ஃபயர் தோட்டாவில் தீமூட்டும் கலவை அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கும். சுத்தியல் ஊசி அந்த விளிம்பில் அடித்தால் பற்றிக்கொள்ளும். அன்று கடைகளில் கிடைத்த .22 தோட்டாக்கள் பலவற்றில் பழைய வகை வெடிமருந்தான கருமருந்துதான் அடைத்திருந்தார்கள். அதன் கரி படிந்தால் தானாக இயங்கும் பாகங்கள் சிக்கிக்கொள்ளும். எனவே வின்செஸ்டர் நிறுவனம் வழக்கமான .22 பொருந்தாதபடி, புகையில்லா மருந்து அடைத்த தனித் தோட்டா ஒன்றையே இந்த ரைபிளுக்கென்று உருவாக்கியது. 1933இல் இதன் வாரிசாக வந்த மாடல் 63 சாதாரண .22 லாங் ரைபிள் தோட்டாவை ஏற்றது; பழைய தோட்டா மெல்ல வழக்கொழிந்தது. பின்னாளில் பலர் 1903இல் தோட்டா அமரும் அறையை மாற்றி இன்றைய தோட்டாவுக்குப் பொருத்திக்கொண்டார்கள். அப்படி யாரும் கைவைக்காத ஒரு 1903, கருமருந்திலிருந்து புகையில்லா மருந்துக்கு உலகம் மாறிய காலத்தின் சாட்சி. 1907இல் சான் அன்டோனியோவில் குறிபார்த்துச் சுடும் வித்தைக்காரர் ஆட் டாப்பர்வைன் 72,500 மரக்கட்டைகளை மேலே எறியச் சொல்லிச் சுட்டு, ஒன்பதே ஒன்பதைத் தவறவிட்டதும் இந்த வகை ரைபிளால்தான்.

எல்லாவற்றையும் காப்பாற்றுங்கள் என்று சொல்லவில்லை. ரெமிங்டன் நைலான் 66 எனக்கு மிகப் பிடித்த ரைபிள். மரமே இல்லாமல், டூபான்ட் நைலானில் கட்டை செய்து 1959இல் வெளிவந்தது. ஆனால் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் நூறு உருகினாலும் வரலாறு குறையாது. எது குறையும், எது குறையாது என்று பிரித்துச் சொல்லத்தான் ஒரு ஆள் வேண்டும் என்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு, இது உங்கள் வேலைக்கே பயன்படும். ராபர்ட் கென்னடி கொல்லப்பட்ட அதே 1968 அக்டோபரில் கையெழுத்தான துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் எல்லாத் துப்பாக்கிக்கும் வரிசை எண்ணைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் வந்த மலிவான .22 ரைபிள்கள் பலவற்றில் எண்ணே கிடையாது. எண் இல்லாததைக் கண்டதும் குற்றவாளி யாரோ அழித்துவிட்டான் என்று சந்தேகிப்பது இயல்பு. அரம் போட்ட இடத்தில் உலோகம் பள்ளம் விழுந்து, மெருகு மாறியிருக்கும். எண்ணே அடிக்காத ரைபிளில் தொழிற்சாலையின் கருநீல மெருகு அப்படியே இருக்கும். பழகிய கண்ணுக்கு இது உடனே புரியும். கொண்டுவந்த பெண்மணியும் வீண் விசாரணையிலிருந்து தப்புவார்.

நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் இந்தப் பழைய ரைபிள்கள் முகாமுக்கு வரச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. 2018 வரை நியூ ஜெர்சியில், 15க்கு மேல் தோட்டா கொள்ளும் கழற்ற முடியாத மகசின் (தோட்டா நிரப்பும் பகுதி) இருந்தால் போதும், அணில் வேட்டைக்கு வாங்கிய பழைய மார்லின் 60 என்ற .22 ரைபிள்கூடத் தடைப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. அஞ்சிக் கொண்டுவந்து தந்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

இது நடக்கக்கூடியதுதான். 2012 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்ட் முகாமுக்கு ஒரு பெண் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ராணுவ ரைபிளான எஸ்டிஜி 44. மேசையில் இருந்த காவலர்களுக்கு அதை அடையாளம் தெரிந்திருந்ததால் அழிவிலிருந்து தப்பியது. அன்று வேறு யாராவது பணியில் இருந்திருந்தால்? கூட்டாட்சி விதியும், 50 ஆண்டு கடந்து அசல் நிலையில் இருக்கும் துப்பாக்கியைத் தனி வகையாகவே பார்க்கிறது; அரசு அருங்காட்சியகக் காப்பாளரின் சான்றையும் ஏற்கிறது. நியூ ஹேவன் வின்செஸ்டர் ஆலை 2006இல் மூடப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் இலியனில் இருந்த ரெமிங்டன் ஆலை 2024இல் மூடப்பட்டது. அங்கு வேலை செய்தவர்களின் கைத்திறனுக்கு மிச்சமிருப்பது அவர்கள் செய்த பொருள்கள்தான்.

அழிப்போம் என்று மக்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்பீர்கள். அந்த வாக்கு பெரிது. ஆகவே ஒப்படைப்புப் படிவத்திலேயே கேளுங்கள்: "வரலாற்று மதிப்பு இருந்தால் அருங்காட்சியகத்துக்குத் தரச் சம்மதமா?" வேண்டாம் என்றால் நசுக்கிவிடுங்கள், அது எவ்வளவு அபூர்வமானாலும். சம்மதம் என்றால் வையோமிங் மாநிலத்தின் கோடி (Cody) என்ற ஊரில் துப்பாக்கி அருங்காட்சியகம் இருக்கிறது, யூட்டாவின் ஆக்டனில் பிரவுனிங் அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தையும் கேட்கலாம். ஏலம் வேண்டாம். எனக்கோ என்னைப் போன்ற சேகரிப்பாளருக்கோ ஒன்றுகூட வர வேண்டாம்.

அந்தப் படிவத்தில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள்: இது யாருடையது, எதற்குப் பயன்பட்டது. இதைக் கொண்டுவருபவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. அடுத்த முகாமின் படிவம் அச்சுக்குப் போகுமுன் இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சேகரிப்பாளன்