அந்த நாற்காலி யாருடையது?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரிப்டை இரண்டு முறை படித்துவிட்டேன். பாராட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். கதாநாயகி சக்கர நாற்காலியில் இருக்கிறாள், கிளைமாக்ஸில் எழுந்து நடக்கவில்லை. அதற்கே உனக்கு ஒரு பிரியாணி வாங்கித் தரலாம்.

ஆனால் 'வீல்சேர்' என்று மட்டும் எழுதி விட்டுவிட்டாய். ஆர்ட் டிபார்ட்மென்ட்காரர்கள் என்ன கொண்டு வருவார்கள் தெரியுமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்குமே, தொளதொள ரெக்சின் சீட்டோடு, அதை. அது நோயாளியை வேறொருவர் தள்ளிக்கொண்டு போகும் வண்டி. உன் கதாநாயகி பத்து வருடமாக வேலைக்குப் போகிறவள். அவள் நாற்காலி அவள் இடுப்பளவுக்குச் செய்ததாக இருக்கும். தள்ளித் தள்ளி உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருக்கும். என் கையைத்தான் நீ பார்த்திருக்கிறாயே.

உடையும் அப்படித்தான். பாட்டில் அவள் துப்பட்டா தரை வரை பறக்கிறது. இரண்டு சுற்றிலேயே சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கும். நான் துப்பட்டாவை விட்டு வருடக்கணக்காகிறது. சுடிதார் டாப் வாங்கினால் நேரே டெய்லரிடம்தான் போகும். பக்கத்தில் தொங்குவதை வெட்டியாக வேண்டும். கை முழங்கையோடு நிற்க வேண்டும், இல்லையென்றால் சக்கரத்து அழுக்கெல்லாம் அதில்தான். பேன்ட்டில் பின்பாக்கெட் கூடவே கூடாது. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தத் தையலே புண்ணாக்கிவிடும். துணிக்கடை பொம்மைகள் எல்லாம் நின்றுகொண்டே இருப்பதால் இதெல்லாம் யாருக்கும் தோன்றுவதில்லை. உன் காஸ்ட்யூம் டிசைனரை ஒருநாள் வீட்டுக்கு அனுப்பு, நான் உட்கார்ந்தபடியே அளவு கொடுக்கிறேன்.

அப்புறம், யார் நடிக்கப் போவது? தயாரிப்பாளர் பெரிய ஹீரோயின் கேட்கிறார் என்கிறாய். நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981இல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்தில் சிக்கி ஒரு காலை இழந்தார். 'ஜெய்ப்பூர் கால்' என்ற செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு மறுபடி ஆட மேடையேறினார். அந்தக் கதையை 'மயூரி' என்று தெலுங்கில் எடுத்த சிங்கீதம் சீனிவாச ராவ் வேறு யாரையும் தேடவில்லை, அவரையே நடிக்க வைத்தார். சுதாவுக்குத் தேசிய விருதில் நடுவர் குழுவின் சிறப்பு விருதும் கிடைத்தது. நாற்பது வருடத்துக்கு முன்னால் முடிந்தது இப்போது ஏன் முடியாது என்று கேட்டுப் பார்.

அந்த நண்பன் அடிக்கும் நொண்டி ஜோக்கை எடுத்துவிடு. எங்களைப் புரிய வைக்கும் நகைச்சுவை வேறு, மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே பிரித்துச் சொல்லியிருக்கிறது. ஜோக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளே அடிக்கட்டும். நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வதை சென்சார் தாங்காது, அது வேறு விஷயம்.

வெளிநாட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைத்துக்கொள்ளாதே. 2019இல் அமெரிக்க நடிகை அலி ஸ்ட்ரோக்கர், அங்கே மேடை நாடகங்களுக்குத் தரும் டோனி விருதை வாங்கினார். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு நடிப்புக்காக அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. பார்வையாளர் பக்கமிருந்து மேடைக்கு ஏறச் சரிவுப்பாதை இல்லை. அதனால் பெயரை வாசித்தபோது மற்றவர்களோடு அரங்கில் இல்லாமல், மேடைக்குப் பின்னால் காத்திருந்தார்.

சரி, நம் ஊர்ப் பெண் ஒருத்தியையே நடிக்க வைக்கிறாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கேரவனுக்கு எத்தனை படி? அதன் பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்? நாளைக்கு ஷூட்டிங் போகும்போது டேப் எடுத்துப் போய் அளந்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா