மலருக்கு, இரவு விளையாட்டைப் பற்றி

அன்புள்ள மலருக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை.

நீ பதில் போடாவிட்டாலும், தூங்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த 2048 ஆட்டத்தில் என்னை நீதானே பட்டியலில் சேர்த்துவிட்டாய்? இரவு இரண்டு மணிக்கு உன் புள்ளி ஏறுகிறது. மூன்று மணிக்கும் ஏறுகிறது. அந்த நேரத்தில் நான் ஏன் பார்த்தேன் என்று கேட்காதே.

குறை சொல்லவில்லை, நானும் ஆடுகிறேன். கட்டத்தில் இருக்கும் எண்களை நான்கு பக்கம் தள்ளுவது, ஒரே எண்கள் முட்டினால் இரட்டிப்பாவது, அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்தவன், குளிக்கப் போகவே மறந்துவிட்டேன். 2014இல் கேப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலியப் பையன் ஒரு வார இறுதியில் எழுதிய ஆட்டமாம். நீ பதினோராம் வகுப்பில் எழுதிய பாம்பு ஆட்டம் என் கணினியில் இன்னும் ஓடுகிறது, தெரியுமா? வருபவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

பெரிய ஆட்டங்களில் அரை மணி நேரம் கதை சொல்லிவிட்டுத்தான் கையை அசைக்கவே விடுகிறார்கள். இதில் எல்லாம் கண்முன்னே கிடக்கிறது. தோற்றால் ஏன் தோற்றாய் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தட்டு, புதுக் கட்டம். அதுதான் இழுக்கிறது என்று நினைக்கிறேன். மேலிருந்து விழும் துண்டுகளை இடைவெளியில்லாமல் அடுக்குகிற டெட்ரிஸையே எடுத்துக்கொள். 1984இல் மாஸ்கோவில் பஜித்னோவ் என்பவர் செய்தது. ஏழே வடிவங்கள், ஒவ்வொன்றிலும் நாலு சதுரம். அதில் கோணலான இரண்டு மட்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரும் கடைசியில் தோற்றே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டு நிரூபித்திருக்கிறார்கள். வந்த துண்டுகள் அப்படி, ஆடியவர் என்ன செய்வார்?

அண்ணன் சொன்னான். நான் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவனிடம் சொல்லத் தெரிந்த உனக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. சரி, விடு.

தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஃபிளாப்பி பேர்ட் நினைவிருக்கிறதா? ஒரே விரலால் தட்டித் தட்டிக் குருவியைப் பறக்கவிடுவோமே! உலகமே ஆடிக்கொண்டிருந்தபோது, ஜனங்கள் அதற்கு அடிமையாகிவிட்டார்கள் என்று செய்தவரே 2014 பிப்ரவரியில் எடுத்துவிட்டார். செய்தவருக்கே அந்தப் பயம். அதனால்தான் சொல்கிறேன், நேரத்துக்குத் தூங்கு. ஆட வேண்டுமா, பகலில் ஆடு. இப்போது பகல் உனக்குக் காலியாகத்தானே இருக்கும்? இதை வேறு மாதிரி எழுதியிருக்கலாம். போகட்டும்.

பட்டியலில் உனக்கு அடுத்தது நான்தான், அண்ணன் எனக்குக் கீழே. என்னிடம் 1024 வந்துவிட்டது, அதற்கு மேல் கட்டம் அடைத்துக்கொள்கிறது. பெரிய எண்ணை மூலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்கிறான் அவன். அது சரிதானா? அதை மட்டுமாவது எழுது.

பணம் வேண்டுமென்றால் அவனிடம் கேட்காதே, என்னிடம் கேள். நேரத்துக்குத் தூங்கு.

அப்பா