வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பிளக் பாயிண்ட்: லாட்ஜ் உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய லாட்ஜ் உரிமையாளர்களுக்கும் அவர்களுடைய சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

மின்சார ஸ்கூட்டரில் மனைவியோடு ஊர் ஊராகப் போய் வருகிறவன் நான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வண்டி நிறுத்தும் இடத்தில், எர்த் சரியாக உள்ள ஒரு 16 ஆம்ப் பிளக் பாயிண்ட் வேண்டும். இலவசமாக வேண்டாம், அறை வாடகையோடு சேர்த்துக் காசு வாங்கிக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால், அறை கேட்டுப் போன் செய்யும்போதே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பின்னணியை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வாசலில் பச்சை நம்பர் பிளேட் மாட்டிய மின்சார வண்டிகள் கூடிக்கொண்டே வருவதை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள். ஒரு சார்ஜுக்கு 100 கிலோமீட்டர் சுமாராக ஓடும் வண்டியில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு ராத்திரி தங்கும் இடம்தான் பெட்ரோல் பங்க். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடைக்கும் ஒரு மணி நேரச் சார்ஜ் அடுத்த ஊர்வரை ஒப்பேற்றத்தான் உதவும். முழுசாக ஏற ஐந்தாறு மணி நேரம் வேண்டும். அந்த நேரம் ராத்திரியில்தான் இருக்கிறது.

போன ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கத் திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் கிளம்பினோம். அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் அறை கிடைக்காது என்பது தெரிந்ததுதான். அதனால் ராமநாதபுரம் பக்கம் ஒரு லாட்ஜில் முன்கூட்டியே பேசி, ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட வசதி உண்டா என்றும் கேட்டு, "அதெல்லாம் பண்ணிக்கலாம் சார்" என்ற பதிலையும் வாங்கிக்கொண்டுதான் பணம் அனுப்பினேன். வழியில் காரைக்குடியில் ஒரு மெஸ்காரர், நாங்கள் கேட்பதற்கு முன்பே, "வண்டிய இந்தப் பக்கம் விடுங்க தம்பி, இங்க பிளக் இருக்கு" என்றார். சாப்பாட்டுக்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை.

லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வண்டியில் 11 சதவீதம்தான் மிச்சம். வரவேற்பில் இருந்தவர் மாடிப்படிக்குக் கீழே மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு பிளக்கைக் காட்டினார். மாட்டினேன், ஏற ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு மேலே போய்ப் படுத்தோம். விடிகாலை நான்கு மணிக்குக் குளித்துவிட்டு இறங்கினால், சார்ஜர் ஒயரைச் சுருட்டி சீட் மேல் வைத்திருக்கிறார்கள். வண்டியில் 20 சதவீதம்கூட இல்லை. வாட்ச்மேன் பெரியவர் தலையைச் சொறிந்தபடி, "ஓனர் கேமராவுல பாத்துட்டுப் போன் பண்ணாருங்க, புடுங்கிவைக்கச் சொல்லிட்டாரு" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அங்கிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர். அம்மியையும் பறக்கவைக்கும் ஆடிக் காற்று பாம்பன் பாலத்தில் எப்படி அடிக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் வண்டி வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சார்ஜைத் தின்னும். அந்த இருப்பை வைத்துப் பாலம்வரைகூடப் போயிருக்க முடியாது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பிதுங்கி வழிந்த பேருந்தில் நின்றுகொண்டே போனோம். அக்னி தீர்த்தத்தில் எங்கள் முறை வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. வீட்டுக்கு மூத்தவன் நான். காலையில் செய்யவேண்டிய காரியத்தை அந்த நேரத்தில் செய்யவேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது நான்கு யூனிட் கரண்ட்.

ஓனருக்கு விருப்பமில்லை என்றால் சரி, அது அவருடைய கட்டடம். ஆனால் எங்கள் அறை முதல் மாடியில்தான் இருந்தது. கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ராத்திரியிலேயே வேறு இடம் தேடியிருப்பேன். வாங்கிய வாடகைக்கு அந்த ஒரு வார்த்தைகூடச் சேர்த்தி இல்லையா?

கணக்கையும் பார்த்துவிடுவோம். என் சார்ஜர் இழுப்பது 750 வாட். உங்கள் குளியலறை கீசர் 2,000 வாட் இழுக்கிறது. காலியான வண்டி முழுசாக ஏற நான்கு யூனிட்டுக்குச் சற்று மேலே ஆகும். யூனிட்டுக்கு 12 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 50 ரூபாய் அளவில்தான் வரும். நீங்கள் 100 ரூபாய் கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்போம். கரண்டை விற்றால் ஈபியில் பிரச்சினை வரும் என்று சிலர் சொல்கிறார்கள். மின் வாகனத்துக்குச் சார்ஜ் ஏற்றித் தருவது சேவைதான், மின்சார விற்பனை அல்ல, அதற்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது.

தீ பற்றிய பயம் உங்களுக்கு இருக்கிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாதில் மின் ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீ, மேலே இருந்த லாட்ஜுக்குப் பரவி 8 பேரைக் கொன்றது. அதற்குப் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்கிற பேட்டரி பாதுகாப்பு விதிகளை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கினார்கள். அப்படியும் பயம் இருந்தால் அது நியாயம்தான். அதனால்தான் பிளக் பாயிண்டை மாடிப்படிக்குக் கீழே வைக்காதீர்கள், வெளியே மதிலோரமாக, மேலே ஒரு தகரக் கூரை போட்டு வையுங்கள் என்கிறேன். நல்ல ஒயரும், மின்கசிவு வந்தால் தானே விழும் பிரேக்கரும் போட்டுவிட்டால் எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. இப்போது என்ன நடக்கிறது? பெரும்பாலான வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி அறைக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிடுகிறார்கள். மழையில் நனைந்து தொங்கும் அந்த ஒயர்தான் ஆபத்து.

உங்களிடம் மட்டும் கோபப்படுவது சரியில்லை என்பதும் தெரியும். ஏத்தர், ஓலா, டி.வி.எஸ். மூன்று கம்பெனிகளும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே ஸ்கூட்டர் செய்கின்றன. ஆனாலும் வண்டியில் செருகும் சார்ஜிங் பிளக் ஆளுக்கொரு விதம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிளக்குக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் ஒப்புதல் கொடுத்தும் எல்லோரும் அதற்கு மாறவில்லை. நெடுஞ்சாலையில் புதிது புதிதாக வரும் சார்ஜிங் நிலையங்களில் நிறைய காருக்கானவை. அங்கே வண்டியில் செருகத் தரும் சார்ஜிங் கன் ஸ்கூட்டரில் நுழையவே நுழையாது. மானியம், விளம்பரம் என்று வண்டியை விற்கிறவரைக்கும் எல்லோரும் கூடவே வந்தார்கள். விற்ற பிறகு, அதை ஓட்டிக்கொண்டு ராத்திரி எங்கே போவது என்று யாரும் யோசிக்கவில்லை. சரி, அவர்களுக்குத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

மலையூர்க்காரர்களிடம் மட்டும் ஒன்று கூடுதலாகச் சொல்லவேண்டும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏற்றம் 1,800 மீட்டர் இருக்கும். ஒரு ஆளும் பையும் வண்டியுமாக 200 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே ஒரு யூனிட் போய்விடும், தூரத்துக்கு ஆவது தனி. காலி பேட்டரியோடு குளிரில் மேலே வந்து நிற்கிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

உங்கள் விருந்தினர்களின் டிரைவர்கள் காரிலேயே சுருண்டு படுத்த காலம் நினைவிருக்கும். அவர்களுக்கு ஓய்வறை வேண்டும் என்று 2023-இல் தமிழக அரசு கட்டட விதியைத் திருத்தவேண்டியிருந்தது. இதற்கும் ஒரு விதி வரும்வரை காத்திருக்க வேண்டுமா? புதிய கட்டடங்களில் 20 சதவீத வண்டி நிறுத்துமிடத்துக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2019-லேயே சொல்லிவிட்டன. நாங்கள் கேட்பது 20 சதவீதம்கூட இல்லை, ஒரே ஒரு பாயிண்ட்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் தயவுசெய்து இதைப் பேசுங்கள். பாயிண்ட் போட்டவர்கள் வாசல் போர்டில் எழுதிவையுங்கள். போடாதவர்கள், போனில் யாராவது கேட்டால் "இல்லை" என்று சொல்லும்படி வரவேற்பில் இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள். அனுமதித்துவிட்டுப் பிறகு மனம் மாறினால், எந்த நேரமானாலும் கதவைத் தட்டிச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
திருச்சியிலிருந்து ஒரு ஸ்கூட்டர் பயணி