டர்போ இஞ்சினுக்கு ஐடிபி போட்டுத் தர்ற வொர்க்‌ஷாப்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ணே. சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடறேன். டர்போ (எக்சாஸ்ட் புகையால சுத்தி காத்த அழுத்தித் தள்ற பம்பு) இருக்கற வண்டிக்கு சிலிண்டருக்கு ஒண்ணுன்னு த்ராட்டில் பாடி (காத்த விடற கதவு, இதத்தான் ஐடிபிங்கறோம்) போட்டுத் தர்றீங்க, புதுசா இன்டேக் மேனிஃபோல்டு (காத்து உள்ள போற குழாய்த் தொகுப்பு) அடிச்சுத் தர்றீங்க, சில பேர் கம்பெனில வந்த ஆறு த்ராட்டிலையும் கழட்டிட்டு ஒத்த பெரிய த்ராட்டில் வெச்சுத் தர்றீங்க. எதை வேணா போடுங்க, ஆனா ஒவ்வொரு சிலிண்டருக்கும் என்ன போகுதுன்னு அளந்து, அதை பேப்பர்ல எழுதி வண்டிக்காரன் கையில குடுத்துட்டு அப்புறமா சாவிய குடுங்க. டைனோ ஷீட் (இஞ்சின் பவர அளந்த தாள்) மட்டும் பத்தாது. இதைக் கேக்கத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

நான் சிட்னில இருக்கேன். என் நண்பன்கிட்ட ஒரு ஆர்32 ஸ்கைலைன் ஜிடிஆர் இருக்கு, ஆர்பி26 இஞ்சின். பல வருஷம் காசு சேத்து வாங்கின வண்டி, பொண்டாட்டிகிட்ட கெஞ்சி வாங்கினான்னே சொல்லலாம். ஒரு கடைல (பேர் வேணாம், எனக்கு அவங்ககூட சண்டை கிடையாது) கம்பெனி பிளீனத்த (சிலிண்டருக்குப் போற காத்து சேர்ற பெட்டி) கழட்டிட்டு, அலுமினியத்துல வெல்ட் பண்ண பெரிய பிளீனம் போட்டாங்க. டைனோல ஏத்தினாங்க, நம்பர் நல்லா வந்துச்சு, பய போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினான். ரெண்டாவது டிராக் டேல ஈஸ்டர்ன் க்ரீக் ரேஸ் டிராக் மெயின் ஸ்ட்ரெயிட்ல புகை. வீட்டுக்கு டோ பண்ணிட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு பிளக்க ஒண்ணொண்ணா கழட்டி துணில வரிசையா வெச்சோம். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நல்ல பிஸ்கட் கலர். ஆறாவது வெள்ளை வெளேர்னு, அதுமேல மிளகாப்பொடி அளவுக்கு பளபளன்னு புள்ளி புள்ளியா ஒட்டிட்டு இருந்துச்சு. அது அலுமினியம், பிஸ்டன்லேர்ந்து வந்தது. ஹெட்ட தூக்கிப் பாத்தா ஆறாவது பிஸ்டன்ல ரிங் உக்கார்ற இடம் உடைஞ்சிருந்துச்சு. அவன் ஒண்ணுமே பேசல, அந்த பிளக்க கையில வெச்சு திருப்பித் திருப்பி பாத்துட்டே இருந்தான்.

டியூனிங் தப்புன்னு சொல்ல முடியாதுண்ணே. எக்சாஸ்ட்ல இருந்த ஒத்த வைட்பேண்ட் சென்சார் (காத்து-பெட்ரோல் விகிதம் அளக்கறது) ஆறு சிலிண்டரோட சராசரியத்தான் காட்டும். அஞ்சு சிலிண்டர் கொஞ்சம் ரிச் (பெட்ரோல் கூட), ஒண்ணு செம லீன்னா (பெட்ரோல் கம்மி) சராசரி அழகா இருக்கும், டைனோல கிராஃப் சூப்பரா இருக்கும், ஆறாவது மட்டும் உள்ள வெந்துட்டு இருக்கும். ஆர்பி26 கைல எடுத்த எல்லாருக்கும் தெரியும், காத்து பிளீனத்துக்கு முன்பக்கம் நுழைஞ்சு வேகமா பின்னாடி ஓடி கடைசி சுவர்ல முட்டுது, அதனால பின்னாடி சிலிண்டருக்கு, அதாவது ஆறாவதுக்கு, காத்து கூட போகும், பெட்ரோல் எல்லாருக்கும் ஒரே அளவுதான். பிளீனத்த மாத்தினா அந்தப் பங்கீடும் மாறும், நல்லதுக்கு மாறுதா கெட்டதுக்கு மாறுதான்னு அளக்காம எப்படிண்ணே தெரியும்?

இந்த இஞ்சின் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியே ஆகணும், ஏன்னா டர்போல ஐடிபி சரியா வேலை செய்யும்ங்கறதுக்கு இத விட பெரிய சாட்சி இல்ல. 1989ல நிசான் இத ரோட்டு வண்டில விட்டாங்க, 2568 சிசி, ரெண்டு டர்போ, ஆறு பட்டர்ஃபிளை (த்ராட்டில் தகடு). அந்த சிசி கணக்கே குரூப் ஏங்கற (ரோட்டு வண்டிய அடிப்படையா வெச்ச) ரேஸுக்காக போட்டது. டர்போன்னா 1.7ஆல பெருக்கணும்னு விதி, பெருக்கினா 4366 வரும், 4500 சிசி கிளாஸுக்குள்ள உக்காந்துடும். 1990லேர்ந்து 1993 வரைக்கும் ஜப்பான் டூரிங் கார் சாம்பியன்ஷிப்ல 29 ரேஸ், இருபத்தொம்பதும் ஜிடிஆர்தான். இங்க ஆஸ்திரேலியால பாதர்ஸ்ட் 1000 ரேஸ்ல 1991, 1992 ரெண்டு வருஷமும் ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் அதே வண்டிய வெச்சு ஜெயிச்சாங்க. அதே நிசான் பல்சர் ஜிடிஐ-ஆர்ல ராலிக்காக எஸ்ஆர்20 டர்போக்கு நாலு த்ராட்டில் வெச்சாங்க, சில்வியால வந்த அதே குடும்பத்து இஞ்சினுக்கு ஒத்த த்ராட்டில்தான். அப்புறம் 2007ல ஆர்35 வந்தப்போ சிலிண்டருக்கு ஒண்ணுங்கறத விட்டுட்டு பேங்குக்கு (ஒரு பக்க சிலிண்டர் வரிசைக்கு) ஒண்ணுன்னு ரெண்டோட நிறுத்திட்டாங்க. பிஎம்டபிள்யூ காரனும் எம்3க்கு டர்போ இல்லாத காலத்துல ஆறும் எட்டும் வெச்சிருந்தவன், டர்போக்கு போனதும் அத கைவிட்டுட்டான். செலவு ஒரு காரணம், ஆனா அது மட்டும் இல்ல.

ஏன்னா டர்போல ஐடிபி பவர் பார்ட் கிடையாது. இத கஸ்டமர்கிட்ட முகத்த பாத்து சொல்லுங்கண்ணே. ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சப்புறம் அந்த ஆறு ஷாஃப்ட்டும் தகடும் காத்து போற வழில குறுக்க நிக்குற பொருள்தான், உச்ச குதிரைசக்தி அதால ஏறாது. கிடைக்கறது வேற. த்ராட்டிலுக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கற இடம் ரொம்ப சின்னது, அதனால கால எடுத்துட்டு திரும்ப வெச்சா இஞ்சின் உடனே கேக்கும், வளைவுல பாதி கால் அழுத்திட்டு போறப்போ காலும் டயரும் ஒரே கம்பில கட்டின மாதிரி இருக்கும். பெரிய கேம் (வால்வ திறக்கற ஷாஃப்ட்) போட்டா ஒரு சிலிண்டர் திருப்பித் துப்பற புகை பக்கத்து சிலிண்டருக்குப் போகாது, அதனால ஐடில் ஒழுங்கா நிக்கும். இது அவனுக்கு வேணுமா? வேணும்னா போடுங்க. டிராக் (drag) ரேஸ்ல நேரா போற வண்டி, முழு த்ராட்டில் மட்டும்தான்னா ஒத்த த்ராட்டிலே போதும், அதுல சண்டையே இல்ல. ரோட்டுலயும் சர்க்யூட்லயும் ஓடற ஆர்பி26ல கம்பெனி ஆறு த்ராட்டில கழட்டி பழைய இரும்புக்கு போடாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், முக்கால்வாசி பேர் அத கழட்டறது சின்க் பண்ண (ஆறும் ஒரே அளவு திறக்கற மாதிரி சமன் பண்ண) தெரியாம, வேற காரணம் இல்ல.

டர்போ இல்லாத இஞ்சினோட த்ராட்டில கொண்டு வந்து டர்போல மாட்டறவங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும். அந்த பாடில ஷாஃப்ட் ரெண்டு முனையிலயும் காத்து உள்ள இழுக்கறத தடுக்கத்தான் ஏதோ ஒண்ணு இருக்கும், சிலதுல அதுவும் இருக்காது. டர்போல பூஸ்ட் (டர்போ அழுத்தித் தள்ற காத்தோட அழுத்தம்) உள்ளேர்ந்து வெளிய தள்ளும். ஒரு தடவ நானே பாத்தேன், டர்போ வாயில மூடி போட்டு நல்லா கிளாம்ப் பண்ணி, கம்ப்ரஸர்ல 1 பார் குடுத்து, சோப்புத்தண்ணிய ஸ்ப்ரே பண்ணா நாலு ஷாஃப்ட் முனையும் குழந்தைங்க ஊதற பபுள் மாதிரி பொங்குது. அந்த வண்டி ஆறு மாசமா பூஸ்ட் ஏறலன்னு டர்போவ குறை சொல்லிட்டு திரிஞ்சவங்க, டர்போ மாத்தக்கூட விலை கேட்டுட்டாங்க. ஷாஃப்ட்டுக்கு லிப் சீல் போட இடம் இருக்கற பாடி வாங்குங்க, இல்லன்னா கடைஞ்சு சீல் வைங்க. பத்து நிமிஷ சோப்புத்தண்ணி வேலை இது.

பிளீனம் பெட்டி அடிக்கறவங்க ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மூடி 50 செமீ நீளம், 12 செமீ அகலம்னு வெச்சுக்கோங்க, 600 சதுர செமீ. 1.5 பார் பூஸ்ட்ல அது மேல வர்ற தள்ளு கிட்டத்தட்ட 900 கிலோ. ஒரு சின்ன காரத் தூக்கி அந்த மூடி மேல வெச்ச மாதிரி, அதுவும் கியர் மாத்தற ஒவ்வொரு தடவையும் ஏத்தி இறக்கற மாதிரி. தட்டையான தகட்ட நாலு பக்கமும் வெல்ட் பண்ணி விட்டா முதல்ல உப்பும், அப்புறம் வெல்ட் ஓரத்துல முடி மாதிரி விரிசல் விடும். வளைவா அடிங்க, உள்ள ரிப் குடுங்க. உள்ள ட்ரம்பெட் (ஊதுகுழல் மாதிரி விரிஞ்ச குழாய் முனை) வாய் உருண்டையா இருக்கணும், எதிர் சுவருக்கு ரொம்ப ஒட்டி வைக்கக் கூடாது, போனட் இடிக்குதுன்னு அந்த இடைவெளியத்தான் முதல்ல வெட்டறீங்க, மூச்சு விடற இடமே அதுதாண்ணே. கொள்ளளவு இஞ்சின் சிசிக்கு கம்மியா போக வேணாம், ஒண்ணரை மடங்கு வரைக்கும் போறவங்க நிறைய.

அடுத்தது வாக்யூம் (இஞ்சின் காத்த உறிஞ்சறதால வர்ற குறை அழுத்தம்). இதுல குழப்பம் ஜாஸ்தி. ஒத்த த்ராட்டில் வண்டில பிளீனம் த்ராட்டிலுக்கு அப்புறம் இருக்கு, அங்க ஒரு ஓட்டை போட்டா பூஸ்ட்டும் கிடைக்கும் வாக்யூமும் கிடைக்கும். ஐடிபில பிளீனம் த்ராட்டிலுக்கு முன்னாடி, அங்க வாக்யூமே வராது. அதுலேர்ந்து ப்ளோ ஆஃப் வால்வுக்கு (கால எடுத்தா மிச்ச பூஸ்ட்ட வெளிய விடறது) லைன் எடுத்தா கால எடுக்கும்போது அது திறக்காது, காத்து திரும்பி கம்ப்ரஸர் வீல்ல மோதும். இன்ஜெக்டர் த்ராட்டிலுக்கு கீழ இருந்து ஃப்யூல் ரெகுலேட்டருக்கு பிளீனத்துலேர்ந்து லைன் குடுத்தா ஐடில்ல ரிச்சா ஓடும். எல்லாத்த விடவும் முக்கியம் பிரேக். ஒத்த ரன்னர்லேர்ந்து (ஒரு சிலிண்டருக்குப் போற காத்துக் குழாய்) பிரேக் பூஸ்டருக்கு (வாக்யூமால பிரேக் பெடல லேசாக்கற பாகம்) குழாய் எடுத்தீங்கன்னா வாக்யூம் துடிச்சு துடிச்சு வரும், பார்க்கிங்ல ரெண்டு தடவ மிதிச்சா பெடல் கல்லு மாதிரி ஆயிடும். ஆறு ரன்னர்லேர்ந்தும் ஒரே நீளத்துல குழாய் எடுத்து ஒரு சின்ன டப்பால சேத்து, அதுலேர்ந்து எல்லாத்துக்கும் பிரிங்க, பிரேக் லைன்ல ஒன்வே வால்வ் கட்டாயம், இல்லன்னா பூஸ்ட் போய் பூஸ்டருக்குள்ள உக்காந்துக்கும். நிசான்காரன் ஆறு ரன்னரையும் சேக்க பேலன்ஸ் டியூப்னு ஒண்ணு வெச்சிருக்கான் பாருங்க, அழகா இல்ல, பாரம்னு அத கழட்டிட்டு ஓட்டைய அடைக்கறவங்கள பாக்கும்போது மனசு வலிக்குது.

ஈசியூ (இஞ்சின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) பக்கமும் இதே கதைதான். த்ராட்டில் கோணத்த மட்டும் வெச்சு மேப் போட்டா டர்போல ஆகாது, ஒரே முப்பது சதவீத திறப்புல பூஸ்ட் 0.2ஆவும் இருக்கலாம் 1 பாராவும் இருக்கலாம், ரெண்டுக்கும் காத்து வேற. ரன்னர் பிரஷர மட்டும் நம்பினா கொஞ்சம் திறந்ததுமே அது மேல போய் நின்னுக்கும், அதுக்கு மேல டிரைவர் என்ன மிதிக்கறார்னு அதுக்குத் தெரியாது. கோணத்த வெச்சு அடிப்படை டேபிள் போட்டு, பிளீனத்துல தனி மேப் (MAP) சென்சார், அதாவது காத்து அழுத்தம் அளக்கற சென்சார் வெச்சு அந்த அழுத்தத்தால திருத்தறதுதான் எனக்கு நல்லா வந்த வழி. அப்புறம் சிலிண்டர் வாரியா பெட்ரோல் திருத்தம் போட முடியற ஈசியூவா இருந்தா அத பயன்படுத்துங்க, காசு குடுத்து வாங்கி அந்தப் பக்கத்த திறக்காமலே விட்டுடறீங்க.

சின்க் பத்தி பேசணும். குளிர்ந்த இஞ்சின்ல சின்க் பண்ணிட்டு வண்டிய அனுப்பாதீங்க. அரை மீட்டர் அலுமினிய மேனிஃபோல்டு 70 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட 0.8 மிமீ நீளும், ஸ்டீல் லிங்கேஜ் ராடு அதுல பாதிதான் நீளும். அந்த மிச்சம் 0.4 மிமீ ஐடில்ல பட்டர்ஃபிளை திறந்திருக்கற அளவோட ஒப்பிட்டா பெரிய விஷயம். ஃபேன் ரெண்டு தடவ சுத்தி நிக்கற வரைக்கும் சூடு பண்ணிட்டு சின்க் மீட்டர ஒவ்வொரு வாயிலயும் வெச்சுப் பாருங்க, பிளீனம் மாட்டியிருந்தா ரன்னர் நிப்பிள்ல வாக்யூம் கேஜ். நண்பன் வண்டிய திரும்பக் கட்டினப்போ நான் கேஜ பாத்து சொல்லச் சொல்ல அவன் ஸ்குரூவ கால் சுத்து கால் சுத்தா திருப்பினான், ஒரு சாயந்தரம் முழுக்க அதுலயே போச்சு. கடைசில ஆறும் ஒரே கோட்டுல நின்னப்போ ஐடில் சத்தமே மாறிடுச்சு, தடதடன்னு இருந்தது ஒரே மூச்சா ஆயிடுச்சு. கம்பெனி த்ராட்டில்தான், கம்பெனி பிளீனம்தான், எக்சாஸ்ட்ல மட்டும் ஆறு துளை போட்டு சிலிண்டருக்கு ஒரு வெப்ப சென்சார் வெச்சோம். முதல் ஓட்டத்துலயே ஆறாவது மத்ததவிட 60 டிகிரி வித்தியாசமா நின்னுச்சு, அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல கொஞ்சம் கூட்டி 15க்குள்ள கொண்டு வந்தோம்.

ஆறு சென்சாருக்கு ஆன செலவு அந்த வெல்ட் பிளீனம் விலைல பாதி கூட வராதுண்ணே. செலவு ஜாஸ்தின்னு கஸ்டமர் வேணாம்பான்னு சொல்லுவீங்க, தெரியும். அப்போ குறைஞ்சது ஒண்ணு பண்ணுங்க, டைனோல ஒரு முழு புல் (pull, முழு த்ராட்டில்ல ஒரு ஓட்டம்) முடிஞ்ச உடனே இஞ்சின அணைச்சு ஆறு பிளக்கையும் கழட்டி வரிசையா வெச்சு போட்டோ எடுத்து பில்லோட ஒட்டிக் குடுங்க. அதுகூட சூடா இருக்கும்போது எடுத்த சின்க் அளவு, எத்தன பார்ல லீக் டெஸ்ட் பண்ணீங்க, பிரேக் வாக்யூம் ஐடில்ல எவ்வளவு நின்னுச்சு, இதையும் கையால கிறுக்கிக் குடுத்தாலே போதும். அப்படி குடுக்கற கடைக்கு நானே பத்து வண்டி அனுப்பறேன்.

டர்போ வாய்க்கு போடற லீக் டெஸ்ட் மூடியும், ஆறு குழாய் சேக்கற அந்த வாக்யூம் டப்பாவும் நாங்களே லேத்ல கடைஞ்சதுதான். அளவு எழுதின நோட்டு என்கிட்ட இருக்கு, யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்க, படம் எடுத்து அனுப்பறேன், காசு எதுவும் வேணாம்.

அன்போட,
ஒரு ஆர்பி26 பைத்தியம், சிட்னிலேர்ந்து