பிள்ளைகள் கையில் சில்லறையைக் கொடுத்து அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அருப்புக்கோட்டையில் நானும் என் வீட்டுக்காரரும் பல வருஷமாக மளிகைக் கடை நடத்துகிறோம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கடை வாசலில் சின்னப் பிள்ளைகள் கூட்டம்தான். முன்பெல்லாம் உள்ளங்கையில் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள், அஞ்சு ரூபாய் கொடுத்து மூன்று ரூபாய்க்கு மிட்டாய் வாங்கினால் மீதி இரண்டு ரூபாய் கைக்கு வரும்வரை இடத்தைவிட்டு நகரமாட்டார்கள், வந்த காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஓடுவார்கள். இப்போது அம்மாவோ அப்பாவோ போனை நீட்டி ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார்கள், பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் எத்தனை ரூபாய் வந்தது என்று சொல்கிறது, பிள்ளை மிட்டாயை மட்டும் வாங்கிக்கொள்கிறது. எனக்கும் அது வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் நாலு வயசுப் பிள்ளைக்குக் காசைத் தொட்டு எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு நம் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

என் மகள் எல்கேஜி படிக்கிறாள். ஒன்றிலிருந்து நூறுவரை இங்கிலீஷில் மூச்சு விடாமல் சொல்வாள். டைரியில் தினமும் ஒன்று முதல் நூறுவரை எழுதி வரச் சொல்லிப் போட்டிருப்பார்கள், பென்சில் பிடிக்கிற விரல் சிவந்துபோகும், நானும் அதட்டி உருட்டி எழுத வைத்திருக்கிறேன். ஒருநாள் கடையில் கூட்டமாக இருந்தது. 'ஏழு எலுமிச்சம்பழம் எடுத்துப் பையில போடு கண்ணு' என்றேன். வாய் ஏழு வரை சரியாகச் சொன்னது, கை ஐந்து பழத்தைத்தான் போட்டது. சரி, திரும்ப எண்ணச் சொல்லி, நானே ஒவ்வொரு பழமாக எடுத்துக் கொடுத்து ஏழு போட வைத்தேன். 'அப்போ பையில எத்தனை பழம் இருக்கு?' என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறாள். முடித்ததும் 'எத்தனை?' என்றால் மறுபடியும் ஒன்றிலிருந்து. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. நூறுவரை எழுதுகிற பிள்ளைக்கு ஏழு என்றால் என்னவென்று தெரியாதது எனக்குப் பெரிய அதிர்ச்சி.

அங்கன்வாடியில் வேலை பார்க்கும் என் நாத்தனாரிடம் சொன்னேன். பயப்பட வேண்டாம் அண்ணி, எண்களை வரிசையாகச் சொல்வது ஒன்று, பொருளை எண்ணுவது வேறு, இரண்டையும் தனித்தனியாகத்தான் பழக்க வேண்டும் என்றாள். ஒரு பொருளுக்கு ஒரு எண், எதையும் விடக் கூடாது, எதையும் இரண்டு தடவை எண்ணக் கூடாது, கடைசி எண்தான் மொத்தம், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மொத்தம் மாறாது. நமக்கு இதெல்லாம் தானாக வந்தது போலத் தோன்றுகிறது. உண்மையில் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் வைத்து விளையாடி விளையாடி வந்தது. ஒரு குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டே போவதும், குழியில் நாலு சேர்ந்தவுடன் 'பசு' என்று அள்ளிக்கொள்வதும் கணக்கு இல்லாமல் வேறென்ன?

எங்கள் வீட்டில் பல்லாங்குழி இல்லை. கடையில் முட்டை அட்டை நிறையக் கிடக்கிறது. ஒரு வரிசைக்கு ஐந்து குழி, ஆறு வரிசை, மொத்தம் முப்பது. எலுமிச்சம்பழமோ புளியங்கொட்டையோ எதுவானாலும் ஒரு குழிக்கு ஒன்று என்று வைக்கச் சொன்னேன். குழி இருப்பதால் ஒன்றை இரண்டு தடவை எண்ணுவது நின்றது. இரண்டு வரிசை நிறைந்தால் பத்து. அதற்கு மேல் ஒன்று வைத்தால் பதினொன்று, அதாவது பத்தும் ஒன்றும். நாலு வரிசை நிறைந்து மேலே மூன்று இருந்தால் இருபத்து மூன்று. நம் மொழியில் எண்ணின் பெயரிலேயே பத்து எத்தனை, மீதி எத்தனை என்று இருக்கிறது. லெவன், ட்வெல்வ் என்று சொல்லும்போது பத்து எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் தமிழில் எண்ணிப் புரிந்த பிறகு அதையும் சேர்த்துச் சொல்லட்டும். தமிழிலும் சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதும் எண்பதும் காதில் ஒரே மாதிரி விழுகின்றன, தொண்ணூறில் 'நூறு' என்று கேட்பதால் என் மகள் அது நூறைவிடப் பெரிது என்று நினைத்திருந்தாள். அந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்லித்தர வேண்டும்.

அப்புறம் பரணில் கிடந்த பழைய இரும்புத் தராசை இறக்கினோம். எலெக்ட்ரானிக் தராசில் ஒரு எண் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். தட்டுத் தராசில் இந்தப் பக்கம் நூறு கிராம் கல்லை வைத்து அந்தப் பக்கம் ஐம்பது கிராம் கல் இரண்டை வைத்தால் முள் நடுவில் வந்து நிற்பதை அவளே பார்க்கிறாள். எத்தனை தடவை செய்தாலும் சலிக்கவில்லை. கால் கிலோ சர்க்கரைப் பொட்டலம் நாலு சேர்ந்தால் ஒரு கிலோ பாக்கெட்டுக்குச் சமம் என்று அவளாகவே கண்டுபிடித்துவிட்டுக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். கால், அரை, முக்கால் என்று நாம் கடையிலும் சமையல்கட்டிலும் தினமும் பேசுகிறோமே, நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பில் பின்னம் என்று பயந்து நடுங்குகிற பிள்ளைக்கு அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று யாராவது சொல்லியிருக்கிறோமா?

இப்போது 'எத்தனை?' என்று கேட்டால் திரும்ப எண்ணாமல் 'ஏழு' என்கிறாள். பழங்களைத் தள்ளித் தள்ளிப் பரப்பி வைத்தால் மட்டும் 'இப்போ நிறைய ஆயிடுச்சு' என்பாள். அது இந்த வயசில் அப்படித்தான் இருக்கும், ஆறு ஏழு வயசில் தெளியும், அதற்காகத் திட்டக் கூடாது என்று நாத்தனார் சொல்லியிருக்கிறாள். அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு பேர் 2008-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளை ஒன்று முதல் பத்துவரை எண்கள் வரிசையாக எழுதிய அட்டையில் காய் நகர்த்தி விளையாட வைத்தார்களாம். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம், இரண்டு வாரத்தில் நாலே தடவை. அதிலேயே அந்தப் பிள்ளைகளின் எண்ணறிவு நன்றாகக் கூடியது. எண்ணுக்குப் பதிலாக வெறும் வண்ணக் கட்டங்களில் விளையாடிய பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பரமபத அட்டை எத்தனை வீட்டில் சும்மா கிடக்கிறது! காயை நகர்த்தும்போது கட்டத்தில் இருக்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வைத்தால் போதும்.

நாலு வயசுக்கே அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா என்று கடைக்கு வருகிற தாய்மார்கள் கேட்கிறார்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்துவிட்டுப் பத்து நிமிஷம் பிள்ளையோடு உட்கார்ந்து கறிவேப்பிலை உருவுங்கள், வெங்காயத்தைப் பெரியது சிறியது என்று பிரிக்கச் சொல்லுங்கள், சாப்பிட உட்காரும்போது ஆளுக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்பேன். அரசுப் பள்ளியில் 2022-ல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளை அவர்கள் கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, செய்கை, விளையாட்டு வழியாகத்தான் சொல்லித்தர ஆரம்பித்தார்கள். ஆறு வயசுப் பிள்ளைக்கே அப்படி என்றால் நாலு வயசுப் பிள்ளையை ஏன் நூறுவரை எழுதச் சொல்லி வாட்டுகிறார்கள்? நர்சரிப் பள்ளிகள் இதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. வாரம் ஒரு முறை, வீட்டில் இருக்கிற பொருளை வைத்துப் பெற்றோர் பிள்ளையோடு செய்யக்கூடிய ஒரு கணக்கு விளையாட்டை நாலே வரியில் போடுங்கள். படிப்பு அதிகம் இல்லாத அம்மாவும் படித்தவுடன் செய்கிற மாதிரி இருக்க வேண்டும். என் கடையில் நடந்ததை எழுதி அனுப்பச் சொன்னாலும் அனுப்புகிறேன்.

எங்கள் தெருப் பெற்றோருக்கும் ஒன்று. வாரத்தில் ஒருநாளாவது பிள்ளையிடம் பத்து ரூபாயைச் சில்லறையாகக் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். எண்ணி முடிக்க எவ்வளவு நேரமானாலும் நான் காத்திருக்கிறேன், பின்னால் நிற்பவர்களிடமும் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மளிகைக் கடை நடத்தும் ஒரு தாய்,
அருப்புக்கோட்டை.