எங்கள் ஊர்க் குளிரும் உங்கள் ஊர் ராகு காலமும்

பாப்பா,

போனில் பேசியே தீர்த்துவிடலாம்தான். ஆனால் உனக்குக் கனடாவில் ராத்திரி எட்டரை என்றால் எங்களுக்கு ஊட்டியில் மறுநாள் காலை ஒன்பது, நீ பேரனைத் தூங்க வைக்கிற அவசரத்தில் இருப்பாய், நான் உங்கம்மா கையிலிருந்து போனை வாங்கும்போது "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்கிற இடத்துக்கு வந்திருப்பாய். அதனால் எழுதுகிறேன். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் கடிதத்தைச் சுமந்து காந்தல் மேட்டில் ஏறி இறங்கினவனுக்குத் தானும் நாலு வரி எழுதுகிற உரிமை இருக்கிறது.

முதலில் அந்த ஃப்ரிட்ஜ் விஷயம். போன வாரம் நான் "இங்கே காலையில் 4 டிகிரி" என்று பெருமையாகச் சொன்னதும் "எங்க ஃப்ரிட்ஜுக்குள்ளேயே 4 டிகிரிதான்பா, வெளியே மைனஸ் 22" என்றாய். மாப்பிள்ளை பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது. நான் அன்றைக்கு முழுக்க யோசித்துக் கண்டுபிடித்த பதில் இது: உங்கள் ஊரில் கதவைச் சாத்தினால் 21 டிகிரி. பனியனோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறீர்கள், வீடியோவில் பார்த்தேன். எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினால் குளிரும் உள்ளே மாட்டிக்கொள்கிறது, ரேஷன் கார்டில் பேர் சேர்க்காததுதான் குறை. விடிகாலையில் ஹாலில் 9 டிகிரி. தேங்காய் எண்ணெய் கரைந்து ஓடி நான் பார்த்து மாசக்கணக்கு ஆகிறது. ஆகையால் குளிர் யாருக்கு அதிகம் என்று இனிமேல் பேசும்போது வீட்டுக்குள்ளா வெளியிலா என்று கேட்டுவிட்டுப் பேசவும்.

இட்லி மாவுக் கதை உனக்குத் தெரியும். இந்த வருஷம் அது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. மாவுப் பாத்திரத்துக்கு முதலில் பழைய சால்வை, அப்புறம் கம்பளி, அதற்கும் பொங்கவில்லை என்று போன ஞாயிறு உங்கம்மா என்னுடைய காக்கி ஸ்வெட்டரை மாட்டிவிட்டாள், சர்வீஸில் கடைசி வருஷம் வரைக்கும் நான் போட்டிருந்தது. கை இரண்டையும் முன்னால் முடிச்சுப் போட்டு அடுப்பு மேடையில் உட்கார வைத்திருந்தாள். நான் ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனவன் இருட்டில் யாரோ தலையில்லாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கத்தினதில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. ஒன்றரை நாள் கழித்து மாவு பொங்கியது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "நீங்க போட்டிருந்தப்ப அது இவ்வளவு வேலை செஞ்சதில்ல" என்றாள்.

சரி, பெரிய செய்திக்கு வருகிறேன். பந்தயம்.

நான் ரிட்டயர் ஆன வருஷத்திலிருந்து, பாலாடாவில் கேரட் போடுகிற நம் கேரட் மாமாவுக்கும் எனக்கும் முதல் உறைபனி எந்தத் தேதியில் விழும் என்று பந்தயம் நடப்பது உனக்குத் தெரியும். நான் தோற்றால் அவருக்கு ஒரு கிலோ வர்க்கி பிஸ்கட், அவர் தோற்றால் எனக்கு அரை மூட்டை கேரட். (அரை மூட்டை கேரட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேர் என்ன செய்ய முடியும் என்று உங்கம்மா வருஷா வருஷம் கேட்கிறாள். போன தடவை ஜெயித்ததற்கு மார்ச் மாதம் வரை அல்வா சாப்பிட்டோம்.) இந்தத் தடவை நான் டிசம்பர் 10 என்றேன், அவர் 17 என்றார். மாதத் தொடக்கத்தில் மழை மேகம் போகவே இல்லை. மேகம் இருந்தால் உறைபனி இல்லை, அது நம் ஊருக்குப் போர்வை மாதிரி. வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது, அப்போதுதான் மண்ணில் இருக்கிற சூடெல்லாம் ராத்திரியோடு மேலே போய், புல் மேல் இருக்கிற நீர்ப்பனி ஐஸாகப் பிடிக்கும். 10ஆம் தேதி காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடே தெரியவில்லை, அவ்வளவு மூட்டம்.

15ஆம் தேதி காலை ஆறு மணிக்கு மாமா போன் பண்ணினார். பாலாடாவில் தோட்டத்தில் நிற்கிறாராம், தார்ப்பாய் மேல் உப்பைக் கொட்டினது போல வெள்ளையாக இருக்கிறதாம், கேரட் இலையெல்லாம் வெள்ளை விளிம்பு கட்டி நிற்கிறதாம். 15 என்பது 17க்குப் பக்கம், ஆகவே வர்க்கி. நான் விடவில்லை. பாலாடா பள்ளம். குளிர்ந்த காற்று கனம், தண்ணீர் மாதிரி ராத்திரி சரிவில் இறங்கிப் போய்ப் பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் முதலில் வெள்ளையடிப்பது அதனால்தான். நம் தெரு மேட்டில் இருக்கிறது, பந்தயம் நம் தெருவுக்குத்தானே என்று கேட்டேன். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்றார். எழுதவில்லைதான். போனையே வைக்காமல் பத்து நிமிஷம் சண்டை போட்டோம்.

அப்போது உங்கம்மா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாதாரணமாக, "அது பன்னெண்டாம் தேதியே விழுந்தாச்சே" என்றாள். பின்வாசல் குழாயில் போட்டிருந்த தரை துடைக்கிற துணி அன்று காலையில் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றதாம், சுவரில் சாய்த்து வைத்தாளாம். 12 என்றால் எனக்குத்தானே பக்கம்! ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னா துணியைத் தூக்கிட்டுத் தெருப் பூரா காட்டப் போவீங்க, பால் வாங்க யாரு போறது" என்கிறாள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. சாட்சி சொல்வது கட்சிக்காரர் பெண்டாட்டி, செல்லாது என்கிறார். கூடவே, தான் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு விரதத்தில் இருப்பதாகவும் விரதத்தில் இருப்பவன் பொய் சொல்ல மாட்டான் என்றும் சொன்னார். அவர் பொய் சொன்னதாக யாரும் சொல்லவில்லையே. கடைசியில் கேரட்டும் வர்க்கியும் இரண்டும் உங்கம்மாவுக்கு என்று முடிந்தது. எப்படி முடிந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வருஷக் கடைசி டூரிஸ்ட் கூட்டம் வழக்கம்போல. 2024 மே மாதத்திலிருந்து வெளி வண்டிக்கெல்லாம் இ-பாஸ் வேண்டும், இருந்தும் சேரிங் கிராஸில் ரோட்டைக் கடக்க நான் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். குன்னூரிலிருந்து 19 கிலோமீட்டர் வர பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆனது போன சனிக்கிழமை. கொண்டாட வருகிற பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன், அவர்களை நம்பித்தான் பாதி ஊர் சாப்பிடுகிறது. ஆனால் ஒரு பையன், மதுரைப் பக்கம் போல, என்னை நிறுத்தி "சார், ஸ்னோ எங்க கிடைக்கும்?" என்று கேட்டான், பிரியாணி கேட்கிற மாதிரி. ஆறு மணிக்குத் தலைக்குந்தா போ, ஏழரைக்குள் வெயில் வந்தால் தீர்ந்துவிடும் என்றேன். "ஆறு மணிக்கா!" என்று மலைத்துப் போய் சாக்லேட் கடைக்குள் போய்விட்டான். பார்பெக்யூ கரியை ரூமுக்குள் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள் என்று மட்டும் இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். கதவு ஜன்னலைச் சாத்திக் கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும், மணமே தெரியாது, தூங்கினவர் எழுந்திருப்பதில்லை. குளிருக்குப் பழகாதவர்கள்தான் அந்தத் தப்பைச் செய்கிறார்கள்.

காலண்டர் வேட்டையும் தொடங்கிவிட்டது. சிவகாசிக்காரர்கள் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள், நம் கடைக்காரர்கள் கைக்கு வந்தும் டிசம்பர் இருபதுக்கு முன்னால் கண்ணில் காட்டுவதில்லை. மளிகைக் கடையில் ஒன்று, மருந்துக் கடையில் ஒன்று, நகைக் கடையில் "என்ன வாங்கினீங்க சார்?" என்று கேட்டதற்கு உன் கல்யாணத்தைச் சொன்னேன், எட்டு வருஷம் ஆனாலும் வாங்கினது வாங்கினதுதானே, கொடுத்துவிட்டார்கள். இதுவரை ஆறு சேர்ந்திருக்கிறது. வீட்டில் ஆணி மூன்று. தினசரிக் காலண்டர் எனக்கு, பால் கணக்கு எழுத மாதக் காலண்டர் உங்கம்மாவுக்கு, கட்டம் பெரிதாக இல்லாவிட்டால் யார் கொடுத்தாலும் திருப்பி அனுப்புகிறாள்.

கிழித்த தாளை நான் தூக்கிப் போடுவதில்லை. பின்பக்கம் அன்றைய காலை வெப்பம், மேகமா வெயிலா, தோட்டத்துக்கு என்ன வந்தது, இவ்வளவுதான் எழுதுவேன். பிஸ்கட் டப்பாவில் ஒன்பது வருஷத்துத் தாள் இருக்கிறது. உங்கம்மா இதைக் குப்பை என்கிறாள். நீ கிளம்பின நாளின் தாளில் "6 டிகிரி, மூட்டம், வண்டி 4.10க்கு" என்று இருக்கிறது, வேறொன்றும் எழுதவில்லை.

அப்படிக் கிழித்த தாள் ஒன்றில் போட்ட ஒரு கணக்கை உனக்குச் சொல்ல வேண்டும். உங்கம்மா உனக்கு ஒரு தினசரிக் காலண்டர் அனுப்பச் சொல்லித் தினமும் பிடுங்குகிறாள், புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நேரம் பார்க்க வேண்டுமாம். காலண்டர் விலையைவிட அனுப்புகிற செலவு பல மடங்கு, அது கிடக்கட்டும். ராகு காலம் என்பது சூரியன் உதித்ததிலிருந்து மறைகிற வரைக்கும் உள்ள பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு. நமக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வரும். உங்கள் எட்மன்டனில் டிசம்பர் கடைசியில் சூரியன் எட்டே முக்காலுக்கு மேல் வந்து நாலே காலுக்குப் போய்விடுகிறது. ஏழரை மணி நேரப் பகல், எட்டால் வகுத்துப் பார், ஒரு மணி நேரம்கூட இல்லை, 56 நிமிஷம்! ஜூன் மாதத்தில் 17 மணி நேரப் பகல், அப்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ராகு உட்கார்ந்திருப்பார். அதனால் நல்ல காரியம் எதுவானாலும் குளிர்காலத்தில் வைத்துக்கொள்வது லாபம். இதை உங்கம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நல்ல நேரமும் கம்மிதானே" என்றாள். அதற்கு மேல் கணக்குப் போடவில்லை.

கரோல் பாடுகிற பிள்ளைகள் 22ஆம் தேதி ராத்திரி வந்தார்கள், பதினொன்றரைக்கு, கிடாரோடு. நான் மங்கி குல்லாவும் உன் பழைய சிவப்பு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன், ஒரு குட்டிப் பெண் "தாத்தா ஏற்கெனவே இங்க வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டது. கூட வந்த தாடி வைத்த தாத்தாவுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது, பாவம்.

வாழ்த்து அட்டை விஷயத்தில் நான் இன்னும் பழைய ஆள்தான். தொண்ணூறுகளில் இந்த இரண்டு வாரம் பை தூக்க முடியாது, புத்தாண்டு அட்டை முடியும் முன்னே பொங்கல் அட்டை வந்துவிடும், "பெரிய கற்பூர மரத்துக்கு எதிர் வீடு, ஊட்டி" என்று மட்டும் விலாசம் எழுதினதையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். இப்போது விடிகாலை ஐந்து மணிக்கே ரோஜாப் பூப் படம் நாற்பது பேரிடமிருந்து போனுக்கு வருகிறது. 2025இல் பதிவுத் தபாலையே விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், அன்றைக்கு மட்டும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் போஸ்ட் கார்டு இன்னும் 50 காசுதான். பதினைந்து பேருக்குப் பதினைந்து கார்டு, ஏழரை ரூபாய், ஒரு டீ விலைகூட இல்லை. ஒவ்வொன்றிலும் மலை ரயில் படம் வரைகிறேன். எஞ்சின் கொஞ்சம் ஆடு மாதிரி வருகிறது. கேரட் மாமா தன் கார்டைப் பார்த்துவிட்டு "ஆடு நல்லா இருக்கு" என்றார், பந்தயக் கோபம் போலிருக்கிறது. பேரனுக்கு வரைந்ததில் மட்டும் மெனக்கெட்டுக் குகை எல்லாம் போட்டிருக்கிறேன். மொத்தம் 16 குகை, வந்தால் எண்ணிப் பார்க்கலாம் என்று அவனிடம் சொல். 46 கிலோமீட்டருக்கு ஏன் அஞ்சு மணி நேரம் என்று கேட்பான். கல்லாறு தாண்டினால் பல் சக்கரத்தால் தண்டவாளத்துப் பல்லைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற வண்டி, பின்னாலிருந்து எஞ்சின் தள்ளுகிறது, அவசரப்படுத்தக் கூடாது என்று சொல்லிவை.

மே மாதத்தில் வருகிறோம் என்கிறாய். வா, வேண்டாம் என்று சொல்வேனா. ஆனால் மே மாதத்தில் இங்கே ஊரும் தெரியாது, பூவும் தெரியாது, முதுகுதான் தெரியும். ஒரு தடவை டிசம்பரில் வந்து பார். உங்கள் ஊரில் லீவும் அப்போதுதானே. காலை ஆறு மணிக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு பாலாடா போய்த் தார்ப்பாய் மேல் பேர் எழுதச் சொல்லலாம் என்றிருக்கிறேன். மைனஸ் 22 பார்த்த பையன் இதற்கு அசர மாட்டான்தான். இருந்தாலும் உரலில் தேங்கின தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம் பிடித்திருக்கும், அதை உடையாமல் கையில் எடுக்கிறது சாமர்த்தியம், அது உங்கள் ஊரில் இருக்காது.

அவனுக்குப் பின்னுகிற ஸ்வெட்டர் உடம்பு முடிந்துவிட்டது, கை பாக்கி. போனில் அவன் கையைத் திரையோடு ஒட்டி வைத்துக் காட்டினதை உங்கம்மா ஸ்கேல் வைத்து அளந்து, அதன்படி பின்னினால் கை பொம்மைக்குத்தான் வரும் என்று இப்போது அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை டேப்பில் அளந்து, இஞ்ச் கணக்கில், இன்றைக்கே அனுப்பு. சென்டிமீட்டர் வேண்டாம், அவள் என்னைத்தான் கணக்குப் போடச் சொல்வாள்.

இன்று காலை 3 டிகிரி. மேகம் இல்லை.

அப்பா